பிடியரிசி மூட்டைக்குப் பின்னால்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
8.11.1998

அன்பு மகள் அன்புக்கரசிக்கு உன் சித்தப்பா ஞானராஜ் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நாக்பூரில் நீயும் ஸ்டான்லி மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினம் ஜெபமாலையில் ஒரு மணி உங்களுக்கென்றே உருட்டுகிறோம். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இந்த வயதில் இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை என்று பெரிய டாக்டர் மற்ற டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், ஆனாலும் எழுத்து செத்த நேரத்தில் கலங்கிவிடுகிறது, வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். சித்திக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம், மழை அணைத்துக்கொண்டே இருந்தது, அவள் குடையைப் பிடிக்க நான் ஏற்ற, முடித்து வீடு வருவதற்குள் இரண்டு பேருக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வெங்காயம் விற்கிற விலையில் உரிக்காமலே கண்ணீர் வருகிறது. இந்த ஊர்க் கதையெல்லாம் இருக்கட்டும், உன் கடிதத்துக்கு வருகிறேன்.

நான்கு பக்கமும் படித்தோம், சித்தி இரண்டு தடவை படித்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டேன், நம் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவர் பேசுவதே இல்லை, ஷிப்டு முடிந்து வந்தால் தூக்கம்தான், குழம்பு எப்படி என்றால் ம் என்கிறார், கல்யாணத்துக்கு முன்னால் கோவில் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி சேர்ந்து ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் இரண்டாம் மணியிலேயே குறட்டை விடுகிறார், நான் நினைத்து வந்த வாழ்க்கை இது இல்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். கை நீட்டுகிறாரா, குடிக்கிறாரா. அப்படி ஏதாவது இருந்தால் ஒரு வார்த்தை எழுதினால் போதும், கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தாலும் ரயில் ஏறி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன், கதவு உனக்குத் திறந்தே இருக்கிறது. அது இல்லை என்றால் மேலே படி. காந்திகிராமத்தில் படித்த பெண்ணுக்கு அஞ்சாம் வகுப்புக்காரன் என்ன சொல்வது என்று நினைக்காதே, அந்த அஞ்சாம் வகுப்பிலேயே இவன் கலெக்டர் ஆகவேண்டியவன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

உன் சித்தியைக் கட்டும்போது நான் பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிறவன். பெண் கேட்கப் போனவர்கள் என்னை சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார்கள், அது முழுப் பொய்யும் இல்லை, சூப்பர்வைசரே சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார். அவள் மச்சு வீடும் வருஷா வருஷம் வேளாங்கண்ணியும் கனவு கண்டு வந்தவள். நானோ பாடகர் குழுவில் பாடுகிறவள் வீட்டிலும் பாடிக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன், வந்தவள் வாயைத் திறந்தால் சண்டைக்குத்தான் திறந்தாள். ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோனது. அப்போது இருந்த பங்குச் சாமியார் இதை எப்படியோ மோப்பம் பிடித்து, வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி சிஸ்டர்மாரின் முதியோர் இல்லத்துக்குச் சேர்க்கிற வேலையை எங்கள் தலையில் கட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது பொம்பளைகள் ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போட்டு வைப்பார்கள், சனிக்கிழமை அதை வாங்கவேண்டும். சைக்கிளில் மூட்டையை வைத்து நான் தள்ள, சரியாமல் பின்னால் பிடித்துக்கொண்டு அவள் வரவேண்டும். பேசாமலே போவோம். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மூட்டையிடம் சொல்வாள், மூட்டை சாயுது, பாத்துத் தள்ளச் சொல்லு என்பாள்.

ஒரு சனிக்கிழமை சாணார்பட்டி ரோட்டில் கடைசி வீட்டு அரிசியைக் கொட்டி வாயைக் கட்டினாள். மூட்டை ஆடி நின்றது, சரி பிடித்துவிட்டாள் என்று நான் தள்ள ஆரம்பித்தேன். பேசாதவன் எப்படித் திரும்பிப் பார்ப்பது. அன்றைக்கு என்னவோ மனசு தாங்கவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். உனக்கு மச்சு வீடு கட்டித்தர முடியாதது எனக்கும் வருத்தம்தான், நாள் பூரா அரம் போட்ட கைக்கு வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசையக்கூடத் தெம்பு இல்லை, நீ ஒரு வார்த்தை சிரித்துச் சொன்னால் என்ன என்று மூன்று மைலுக்குப் பிரசங்கம் வைத்தேன். பின்னால் சத்தமே இல்லை. அடடா, எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறாள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இல்லத்து வாசலில் சிஸ்டர், எங்கேப்பா செபாஸ்தியம்மா என்றார்கள். திரும்பினால் மூட்டை மட்டும் இருக்கிறது. தண்ணீர் குடிக்க அந்த வீட்டுக்குள் போனவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போட்டது போட்டபடி திரும்பி ஓடினேன், வெயிலில் முக்காட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, அரிசியக் கொண்டு போயிட்டீக, ஆள விட்டுட்டீக, அரிசிக்கு இருக்கிற கனம்கூட எனக்கு இல்லையா என்று கேட்டாள். நான் அம்புட்டையும் உன்கிட்டதான பேசிக்கிட்டு வந்தேன் என்றேன். என்ன பேசுனீக, இப்பச் சொல்லுங்க என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லப்போனால் பாதிகூட வரவில்லை, வந்த பாதிக்கு அவள் சிரித்தாள். இதை எழுதும்போது பக்கத்தில் பயறு பொறுக்கிக்கொண்டே, மூணு மைலாம், முக்கால் மைல்கூட இருக்காது என்கிறாள். எழுதுகிறவன் நான்.

அதோடு சண்டை தீர்ந்தது என்று நினைக்காதே அன்பு, மச்சு வீடும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்துவிடும், கிழவர்களுக்கு அரிசி போயாகவேண்டும், அதற்காகவாவது பேசியாகவேண்டும். இப்போது உன்னைக் கேட்கிறேன், எனக்கு எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு பக்கமாவது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாயா. ஆள் இல்லாத பக்கமாகச் சொல்லிக்கொண்டு வருகிறாயே. பேசாதவர் என்று வருந்தாதே, பைபிள் பூராவும் தேடினாலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை, மாதாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எகிப்து வரைக்கும் கழுதையைப் பிடித்துக்கொண்டு போனவர் அவர்தான். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை லீவிலும் பின்னால் கொட்டகையில் இருக்கிற கூலிக்காரர்களின் ஸ்டவ்வை ரிப்பேர் பண்ணப் போய்விடுகிறார் என்று குற்றமாக எழுதியிருக்கிறாய். சித்தி அந்த வரியில் விரலை வைத்து, அவரு போற இடம் தெரியுதுல்ல, இவளையும் கூடப் போகச் சொல்லுங்க, கொட்டகைப் பிள்ளைகளுக்கு நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்தா ஆகாதா என்றாள். பீடத்துக்கு முன்னால் இன்பத்திலும் துன்பத்திலும் என்று வாக்குக் கொடுத்தீர்களே, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம் என்றா கொடுத்தீர்கள். பேசிப் பார். பேசியும் ஆகவில்லை என்றால் மறுபடி எழுது, அப்போது நான் பிரசங்கம் வைக்கமாட்டேன், டிக்கெட் எடுப்பேன். எப்படியானாலும் கிறிஸ்துமஸுக்கு வா, அவரையும் அழைத்துக்கொண்டு வா.

எங்களுக்கும் முடியவில்லை அம்மா. நேற்றும் பிடியரிசிக்குப் போனோம், என் கண்ணும் அவள் காலும் சேர்ந்து ஒரு ஆள் வேலைதான் நடக்கிறது. ஆனால் அன்றையிலிருந்து இன்றுவரை நாலு எட்டுக்கு ஒரு தடவை நான், இருக்கியா என்று கேட்பேன். இருக்கேன், முன்னால பாத்துப் போங்க என்பாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசியதில் பாதி அதுதான்.

உங்கள் இருவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நாக்பூர் குளிருக்குச் சித்தி பின்னிய ஸ்வெட்டர் இரண்டு அனுப்புகிறேன், பெரியது அவருக்கு, நீயே மாட்டி விடு.

உன் நன்மையே நினைக்கும்
சித்தப்பா ஞானராஜ்
(சித்தியும் பக்கத்தில் இருக்கிறாள்)