கேமரா ஆடிய இடம்

தம்பி,

படம் காட்டும் மிஷினில் விளக்குச் சூடு ஏறும்போது தூசி கருகுமே, அந்த வாசனை நேற்றிலிருந்து என் மூக்கை விட்டுப் போகவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறந்து வாசலுக்கு வருகிறேன். வாசலிலும் நிற்க முடியவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் உன் கூட்டாளி காதர் புதுவயலுக்கு வந்தான். அவன் வாப்பா பினாங்கிலிருந்து அனுப்பிய கேமராவில் நீங்கள் இரண்டு பேரும் எடுத்தீர்களே அந்தத் திகில் படத்தின் தொடக்கம், அதைக் கல்லூரிப் போட்டியில் காட்டப் போகிறார்களாம். மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு மீதியை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. நான் வேலை பார்க்கும் அரிசி மில்லில், மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் கதவைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, எனக்கு முதலில் ஓட்டிக் காட்டினான்.

நான் உன்னைத் தேடித்தான் பார்த்தேன். கல்லூரியில் சேர எடுத்த உன் சின்னப் போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ மாதிரி இருப்பாய். இதிலாவது ஒரு ஓரத்தில் வருவாய் என்று நினைத்தேன். முதலில் நெல் அவிக்கும் ஆவி, வேட்டி முழுக்க வெள்ளையாக. பிறகு ஓடுகிற பெல்ட். அப்புறம் மூட்டை இடுக்கு வழியாக, நெல் பரப்பிய களம். ஒரு பக்கம் மூட்டையின் விளிம்பு கறுப்பாக மறைக்கிறது. தூரத்தில் நான் வருகிறேன். நீ எங்குமே இல்லை. பேச்சுச் சத்தம் இல்லாத படம், உன் குரலும் இல்லை.

எடுத்த அன்றே உன்னிடம் கேட்டேன். "ஏன்டா, மூட்டைக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு எடுக்குறே? முன்னால வந்தா மூஞ்சி நல்லா விழுமுல்ல?"

"கொலைகாரன் பதுங்கித்தான்க்கா பாப்பான். இப்பக் கேமராதான் அவன் கண்ணு. படம் பாக்குறவுக அவன் கண்ணு வழியாத்தான் உன்னையப் பாக்கணும்."

"அப்ப என்னையக் கொல்லப் போறது நீயா? நல்லா வளத்தேன்டா உன்னைய!"

"பேசாம நட. பாதிக் களம் வந்து, சத்தம் கேட்ட மாதிரி நின்னு திரும்பு. அம்புட்டுத்தான்."

நடந்தேன். காலில் நெல் பட்டதும் நீ சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. தினமும் செய்கிற மாதிரி காலைத் தரையோடு இழுத்து, நெல்லைக் கிளறிக்கொண்டே களத்தின் கடைசி வரைக்கும் போனேன். அங்கே திரும்பி அடுத்த வரிசையைப் பிடித்தேன். மூட்டைக்குப் பின்னாலிருந்து கத்தினாய்.

"எக்கா! உன்னையக் கொல்ல வந்திருக்கேன், நீ நெல்லுக் கிளறிக்கிட்டு இருக்கே!"

சிரித்துக்கொண்டே எடுத்தாய். நிறுத்தவில்லை.

அந்த இடம் வேட்டியில் வந்ததும் காதர் உச்சுக்கொட்டினான். களம் மேலும் கீழும் குதித்தது. என் தலை பாதி மறைந்து, வானம் வந்து, மறுபடி நான் வந்தேன்.

"இதை மட்டும் வெட்டிருவோம்க்கா. மத்த இடத்துல லேசா ஆடுறது நல்லாருக்கு, பதுங்குறவன் மூச்சு வாங்குற மாதிரி. இங்க குதிக்குது. பாக்குறவுகளுக்குப் பயம் விட்டுப்போயிரும். பரிசும் போயிரும்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தக் குதிப்பு எனக்குத் தெரிந்த குதிப்பு. சிரித்தால் உனக்கு முதலில் தோள்தானே குலுங்கும்! அவ்வளவு நேரம் தேடிய நீ அங்கேதான் இருந்தாய்.

"வெட்டாதே காதரு. அது அவன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப வெட்டுன துண்டை உங்ககிட்டயே தந்துர்றேன்க்கா, வச்சுக்கங்க" என்று சுருளை இழுத்துக் கதவுச் சந்து வெளிச்சத்தில் பிடித்தான். நெல்மணி அளவுக்குப் படங்கள். ஒவ்வொன்றிலும் நான் அசையாமல் நிற்கிறேன். களம் அசையவில்லை, மூட்டை அசையவில்லை. படம் ஓடினால்தான் நீ சிரிக்கிறாய். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"ஓடுற படத்துலயே இருக்கட்டும். பரிசு போனாப் போகுது."

"அவன் இருந்தா, ஏன்டா வெட்டலைன்னு என்னைய அடிப்பான்க்கா."

"அவன் இருந்தா நீ வெட்டிக்க" என்றேன்.

நேற்றுப் போட்டி பார்க்கக் காரைக்குடிக்குப் போனேன். மண்டபம் கொள்ளாத கூட்டம். மூட்டை இடுக்கு வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் பார்ப்பது தெரியாமல் அங்கே நான் பாட்டுக்கு நெல்லைக் கிளறுகிறேன். எனக்கே பயமாக இருந்தது, எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் களம் குதித்தது. எவனோ ஒருவன் குபீரென்று சிரித்தான், பிறகு மண்டபமே சிரித்தது. காதர் தலையைக் குனிந்துகொண்டான். பரிசு வேறு யாருக்கோ போயிற்று.

படம் குதித்ததைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு வேறென்ன தெரியும்? நான் மட்டும் சிரிக்கவில்லை தம்பி. அத்தனை சிரிப்புக்கு நடுவே உன்னுடையது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

உன் அக்கா