தோடு மறைத்த வடு

ஐப்பசி 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நடவு இன்னும் இரண்டு மா நிலம் பாக்கி. ஆள் வரவில்லை.

கோர்ட் சம்மன் வந்தது. தர்ஷினியைப் பெற்றவள் உயிரோடு இருக்கிறாளாம், மண்டபம் அகதி முகாமில். மகளைக் கேட்டு மனு. ஆறு வருஷமாக எங்கே போனாள்? குண்டு விழுகிற ஊரில் யாரை யார் தேடுவது, அதுவும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

அன்று வேதாரண்யம் கரையில், இலங்கை அகதிப் படகிலிருந்து இறங்கி, மூன்று வயதுப் பிள்ளை தனியாக நின்றது. என் வீட்டுக்காரர்தான் தூக்கிவந்தார். ரேஷன் கார்டில், பள்ளிக்கூடத்தில், எங்கள் மகள் என்றே எழுதினோம். ஊரே மெச்சியது. இப்போது அது பொய்க் கணக்காம்.

ஐப்பசி 11, வியாழன்

திருவாரூர். வக்கீல்: "பெத்த பொண்ணுன்னே சாதிங்க. காதுகுத்துப் பத்திரிகை இருக்கா?"

இருக்கிறது. கொழுந்தன் வாயை அடைக்க அடித்தது. பிள்ளை இல்லாத வீட்டுக்கு நிலம் எதுக்கு என்று பங்குக்கு நின்றவன். ஊரைக் கூட்டி, என் தம்பியைத் தாய்மாமனாக உட்காரவைத்து, அவன் மடியில் வைத்துக் குத்தினோம்.

வக்கீலிடம் சொல்லாதது: ஆசாரி அன்று காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே குத்தித் தூந்துபோன காதும்மா" என்றார். "பக்கத்துல குத்துங்க" என்றேன்.

வாங்கியவை: உப்பு, பேட்டரி, ரிப்பன். பெரிய தோடு ஒரு ஜோடி.

ஐப்பசி 14, ஞாயிறு

தோடு போட்டுவிட்டேன். பழைய வடு தெரியவில்லை.

"வலிக்குதும்மா. திருகு இறுக்கமா இருக்கு."

"நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்க."

சீ, என்ன பிறவி நான். இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன்.

ஐப்பசி 15, திங்கள்

கோர்ட்டில் கூட்டம். பெற்றவள் என்னைவிடச் சின்னவள். தலை பாதி நரைத்திருந்தது. தர்ஷினி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்திரிகையைக் கொடுத்தோம். நீதிபதி படித்தார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "என்ட பிள்ளைக்கு ஒரு வயசிலயே காது குத்தினனான் ஐயா. தோட்டைக் கழட்டிப் பாருங்கோ."

நீதிபதி கழற்றச் சொன்னார். அவள் கிட்டே வந்ததும் தர்ஷினி காதைப் பொத்திக்கொண்டாள். "நீங்க தொடாதீங்க. எங்கம்மாதான் கழட்டணும்."

நான்தான் கழற்றினேன். இரண்டு காதிலும்.

தீர்ப்பு ஐந்து நிமிஷம். பிள்ளை பெற்றவளுக்கு. எங்களுக்குக் கண்டனம். வக்கீல் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐப்பசி 16, செவ்வாய்

நல்ல மழை. வாய்க்கால் முட்ட ஓடுகிறது. நடவு ஆள் இன்று பார்த்து வந்துவிட்டார்கள்.

எட்டு மணி பஸ். பையில் இரண்டு பாவாடை, சிலேட்டு, முறுக்கு. பெற்றவள் என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக தர்ஷினி கேட்டாள்:

"திருகு இறுகிடுச்சு, கழட்ட வரலன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?"