கூரையிலிருந்து குதித்தவன்

வான் நைஸ், கலிபோர்னியா
19 மார்ச் 1974

அன்புள்ள ஆரின்,

நீயும் வெல்டாவும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். பதினொரு வருடம் கழித்து அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மோன்டானாவில் இன்னும் பனி விடவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். அந்தக் குளிரில் உன் இடுப்பு என்ன பாடுபடுகிறதோ.

என் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. நம் கௌபாய் டி.வி. தொடர் நின்ற பிறகு இரண்டு வருடம் மற்றவர்களின் தொடர்களில் வில்லனாக வந்து சுடப்பட்டுச் செத்தேன். அப்புறம் அதுவும் இல்லை. இப்போது புதிதாகத் திறக்கும் கடைகளில் அதே பழைய ஷெரீஃப் மெரிட் வேஷத்தில் போய் நிற்கிறேன். பழைய பெல்ட் இடுப்பில் சேர்வதில்லை; பின்னால் கயிறு கட்டிக்கொள்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய்.

நெப்ராஸ்காவில் செருப்புக் கடையில் நின்ற என்னைக் குதிரையேற வைத்தவன் நீ. முதல் நாள், "ஷெரீஃப், அது குதிரை. உங்க வீட்டு சோபா இல்ல. கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ஏழு வருடம் சனிக்கிழமை தோறும் நாடு முழுக்கப் பார்த்த சவாரியில் பாதி உன்னுடையது. முகம் மட்டும்தான் என்னுடையது.

போன சனிக்கிழமை பேக்கர்ஸ்பீல்டில் ஒரு மளிகைக் கடைத் திறப்பு. வரிசையில் ஒரு பெண் வந்து, "நான் ஆரின் டக்கெட் மக சார், நோரீன். கல்யாணம் ஆகி இங்கதான் இருக்கேன்" என்றாள். அவள் உறையிலிருந்து எடுத்தது அந்தப் புகைப்படம். லாயக் கூரையிலிருந்து ஓடும் குதிரை மேல் பாயும் ஷெரீஃப்.

"அப்பா இதத்தான் சுவத்துல மாட்டியிருக்காரு சார். இது என்னோட பிரதி, கையெழுத்து போட்டுத் தாங்க. ஈஸ்டருக்குப் போறப்ப அவருக்குக் குடுக்கணும்" என்றாள். அப்புறம் அவளாகவே, "ஷெரீஃப்தான் குதிச்சாரு, நான் கீழ குதிரைய விரட்டி விட்டேன்னு பெருமையா சொல்வாரு. அவருக்கு இடுப்பு ஒடஞ்சது பண்ணையில விழுந்துதான்" என்றாள்.

ஆரின், நான் கையெழுத்துப் போட்டேன். பாய்கிற உன் முதுகின் மேல் என் பெயரை எழுதினேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் அவளிடம் அப்படிச் சொன்னாய்? கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அன்று நடந்தது நம் இருவருக்கும் தெரியும். முதல் தடவையே நீ சரியாகக் குதித்தாய். டைரக்டர் போதும் என்றார். பத்திரிகைப் புகைப்படக்காரர் தாமதமாக வந்தார் என்பதற்காக நான்தான் இன்னொரு தடவை கேட்டேன். "குதிரை களைச்சுப் போச்சு, லைல். நாளைக்கு எடுக்கலாமே" என்றாய். அன்றுதான் என்னை முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். "பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்" என்றேன், எல்லார் எதிரிலும்.

குதிரை தடுக்கியது. நீ விழுந்து இடுப்பு உடைந்தது. புகைப்படக்காரருக்கு அதற்கு முந்தைய நொடி கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "குதிரைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்டாய். மறுநாள் தயாரிப்பு மேலாளர் என்னை விசாரித்தபோது, "அவனேதான் இன்னொரு தடவை குதிக்கிறேன்னு நின்னான். சொன்னாக் கேக்கல" என்றேன். சொன்ன பேச்சுக் கேட்காத ஆள் என்று உனக்குப் பேராகிவிட்டது. ஒரு ஸ்டூடியோவும் உன்னைத் திரும்ப வாசலில் சேர்க்கவில்லை. அந்த வாரம் அந்தப் படம் என் பெயரில் பத்திரிகை அட்டையில் வந்தது, சாகசக் காட்சிகளில் டூப் போடாத நடிகர் என்று. அதை என் அம்மாவுக்கும் அனுப்பினேன். அவள் கடைசிவரை அதை நம்பினாள்.

இத்துடன் இரண்டு கடிதங்களின் நகல் இருக்கிறது. ஒன்று சண்டைக் கலைஞர்கள் சங்கத்துக்கு, ஒன்று அந்தப் பத்திரிகைக்கு. நடந்ததை உள்ளபடி எழுதியிருக்கிறேன். அவர்கள் வெளியிடுவார்களா தெரியாது. ஒரு கிழட்டு நடிகனின் பேச்சு இப்போது யாருக்கு வேண்டும்? ஆனாலும் நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். நீ தடுத்துவிடுவாயோ என்றுதான் உனக்குக் கடைசியாக எழுதுகிறேன்.

நோரீனிடம் மட்டும் கடிதத்தில் சொல்ல மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு உன் ஊர் மைல்ஸ் சிட்டிக்கு வருகிறேன். அவள் முகத்தைப் பார்த்து, அவள் அம்மா வெல்டாவும் கேட்க, நானே சொல்கிறேன். வெல்டா என்னை உள்ளே விட வேண்டாம், வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விடுவேன். நீ மட்டும் அன்று குறுக்கே பேசி என்னைக் காப்பாற்றாதே. இது ஒன்றுதான் நான் உன்னைக் கேட்பது.

குளிரில் வெளியே எழுந்து வராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

லைல் பிராண்ட்வோல்ட்