மருமகனுக்கு ஆகாத கருவாடு

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை

அன்பின் மச்சான் சப்ரி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நம் மகள் ஸம்றாவும் சுகம். கட்டாரில் நீங்களும் சுகம் என்று உங்கள் றூமில் இருக்கிற றாஸிக் வந்து சொன்னார். எவ்வளவு சுகம் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டேன்.

இதைப் போனில் கதைத்திருக்கலாம். நான் வாயைத் திறந்தால் "சரி சரி, பொறகு எடுக்கன்" என்று வைத்துவிடுவீர்கள். வொய்ஸ் அனுப்பினால் றூமில் எல்லோருக்கும் கேட்கும். அதனால்தான் எழுதி, உறையை ஒட்டி, லீவு முடிந்து திரும்புகிற றாஸிக்கிடமே கொடுத்துவிடுகிறேன். கடைசி வரை வாசியுங்கள்.

ஸம்றாவுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. தம்பி சரீப்பின் இறக்காமத்து வயலில் யானை இறங்கி, கதிர் முற்றிய பக்கமாகப் பார்த்து மிதித்துப் போட்டிருக்கிறது. மிஞ்சியதை வெட்டி நமக்கும் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறான். குசினிக் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன் பார்க்க வேண்டும்.

றாஸிக்கைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னீர்கள். அவருக்கு வயிறு ஆகாது, உறைப்புப் போடாதே, மீன் மணக்கக்கூடாது, உனக்குச் சமைப்பது போலவே அவருக்கும் சமைத்துவிடாதே என்று போனில் பாடம் நடத்தினீர்கள். நானும் கோழியைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைத்து, மிளகாய் விதையைக் கூடப் பொறுக்கி எடுத்தேன். சரீப் அவரோடு இருந்து சாப்பிட்டான். நான் குசினிக் கதவோரம் நின்றேன்.

அவர் ரெண்டு பிடி தின்றுவிட்டுக் கேட்டார், "லாத்தா, கோவிச்சிக்காதீங்க, கருவாடு ஒரு துண்டு பொரிச்சி இல்லையா?" என்று. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். சரீப் சிரித்துக்கொண்டு, இந்த வீட்டில் கருவாடு வைக்கிறதில்லை, மச்சானுக்கு ஆகாது என்றான். அதற்கு றாஸிக் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "என்ன கத இது? சப்ரி காக்கா இருந்தா வெள்ளிக்கிழமைக்குக் கருவாடுதானே. அவர்தான் பொரிக்கிற. ஜன்னலத் தொறக்கவும் உடமாட்டாரு, வாசம் போயிருமாம். எங்கட உம்மா காயவெச்சிக் குடுக்கிற திருக்கைல பாதி அவருக்குத்தான்."

இன்னும் சொன்னார். றூமில் யார் சமைத்தாலும் நீங்கள் ஒரு குறை சொல்வதில்லையாம். கீரை, பாகற்காய், முதல்நாள் மிஞ்சிய சோறு, எது வைத்தாலும் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையையும் கழுவி வைப்பீர்களாம். உங்களைப் போல ஒரு மனுசனை அவர் கண்டதே இல்லையாம். நானும்தான் கண்டதில்லை.

மச்சான், கலியாணம் முடித்து நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதை நினைத்துப் பாருங்கள். வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு என் உம்மா பின்னறைக்குப் போனார். அங்கே தன்பாட்டில் கருவாடு பொரித்தார். நீங்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தின்ற கையோடு எழும்பி, மருதமுனைக்கு உங்கள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். என் வாப்பா நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கெஞ்சித்தான் உங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

அன்றையோடு இந்த வளவில் கருவாடு நின்றது. உம்மாவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு ஸகியா மாமியின் குசினியில் குந்தியிருந்து தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். தன் சொந்தக் காசில் கட்டிய வீட்டுக்குள் கள்ளியைப் போல வந்தார். நான் ரெண்டு சட்டி வைத்தேன், உங்களுக்கொன்று, மற்றவர்களுக்கொன்று. உங்கள் சட்டியையும் பாதி நாள் தள்ளிவைத்தீர்கள்.

போன வருசம் நீங்கள் லீவில் வந்து நின்றபோது உம்மா பாயில் கிடந்தார். ஒன்றும் வேண்டாம், கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டு ஆணம் கொஞ்சம் வேண்டும் என்றார். நான் வாங்கியும் வந்துவிட்டேன். அவரே என்னைக் கூப்பிட்டு, "வேணாம் புள்ள, மருமகன் வீட்ட நிக்காரு. அவர் பயணம் போன பொறகு வெச்சித் தா" என்றார். நீங்கள் போய்ச் சேர்ந்த அன்றே வைத்தேன். அதற்குள் தொண்டையில் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. கோப்பையை மூக்கருகே பிடித்தேன். மணந்து பார்த்துவிட்டு, "ஜன்னலத் தொற, மருமகன்ட உடுப்புல மணம் புடிச்சிரும்" என்றார். நீங்கள் அப்போது கட்டாரில் இருந்தீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

உம்மா மௌத்தானபோது நான் இவ்வளவு அழவில்லை. றாஸிக் போன பிறகு குசினியில் இருந்து அழுதேன். உங்களுக்கு ஆகாதது கருவாடா, நாங்களா? இதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது ஸம்றாவும் கீரையைப் பொறுக்கிக் கோப்பை ஓரத்தில் வைக்கிறாள். கேட்டால், "வாப்பா தின்னமாட்டாருதானே" என்கிறாள். கட்டாரில் வாப்பா கீரையும் தின்கிறார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அதை நீங்களே வந்து சொல்லுங்கள்.

நோன்புக்கு முன் ஊரோடு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். இது உங்கள் பிள்ளையின் வீடு, கதவு திறந்தே இருக்கும். ஆனால் அன்று அடுப்பில் ஒரு சட்டிதான் இருக்கும். திருக்கைக் கருவாடும் கத்தரிக்காயும். ஸகியா மாமியையும் கூப்பிட்டிருக்கிறேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் தின்ன வேண்டும். எழும்பிப் போவதென்றால் மருதமுனைக்கு வழி தெரியும். இந்த முறை கெஞ்சிக் கூட்டிவர வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. நான் வரமாட்டேன்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும். இந்த வீட்டில் உட்கார்ந்து தின்கிற அளவுக்கு உங்களுக்குப் பசியையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஸுஹைறா