உன் காலாட்டத்தை வைத்து அடுக்கிய பலகை

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டிலிருந்து உன் கிட்டார் பெடல்போர்டை எடுத்து வந்த அன்று, அதைக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். கிள்ளான் வரும்வரை இடது ஓரமாகவே ஊர்ந்தேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். மோட்டார்காரன் ஒருவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். குழந்தை என்று நினைத்திருப்பான்.

இப்போது அது என் ஹாலில், டிவிக்குக் கீழே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சந்தன வாசம். அதுதான் இதை எழுத வைக்கிறது.

நீ இருந்தவரை அந்தப் பலகையை நான் மதித்ததே இல்லை. ரிதம் கிட்டார் வாசிக்கிற எனக்கு ஒரு கேபிள் போதும். நீயோ சத்தத்தை மாற்றும் அந்தச் சின்னப் பெட்டிகளை மிதித்துக்கொண்டே இருப்பாய். "மச்சான், வாசிக்க வந்தியா, தையல் மெஷின் மிதிக்க வந்தியா?" என்பேன். "நீ சோறுடா, நான் ரசம். பேசாம தட்டுல கிட லா" என்பாய்.

பிராக்டிஸ் முடிந்து தே தாரேக் குடிக்கும்போது உன் காலாட்டத்தை நடித்துக் காட்டுவேனே! நாக்கைத் துருத்திக்கொண்டு வலது காலால் ஒரு குத்து, கொக்கு மாதிரி ஒரு தாவல், அப்புறம் இடது கோடிக்கு ஓர் எட்டு. டிரம்ஸ் அடிக்கும் குமார் தரையில் உருளுவான். நீயும்தான் சிரித்தாய்.

நீ போன பிறகு உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, என் கல்யாண டின்னருக்கு டீஜே வேணாம். அப்பா பேண்டுதான். அப்பா எப்பவும் வாசிக்கிற பாட்டுல அவரோட லீட் கிட்டாரை நீங்க வாசிங்க. ஒரு தடவை அப்பா இருக்கிற மாதிரி இருந்தா போதும்."

"ஓகே லா, சின்ன விஷயம்" என்று வாய் சொல்லிவிட்டது. நான் வேலை செய்யும் ஜெஞ்சாரோம் டயர் கடையில் நட்டைக் கழற்றும்போதும் அதே நினைப்பு. நான் சொதப்பினால் பாட்டோடு போகாது மச்சான். அப்பாவைத் தேடி நிற்கிற பிள்ளை முன்னால் வெறும் நான் நிற்பேன்.

உன் வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்கு உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, எல்லாப் பெடலையும் பிய்த்தெடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப ஒட்டியிருந்தாள். உயர வரிசைப்படி.

"அண்ணே, சரியா வெச்சிருக்கேனா?"

"சூப்பர்மா, கொலு மாதிரி இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

வரிசை மாறினால் சத்தமே மாறிவிடும் என்பது உனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? கரகரப்புப் பெட்டியைத் தாண்டி எதிரொலிப் பெட்டிக்குப் போனால் பாட்டு. மாற்றி வைத்தால் மிக்ஸியில் கல். நல்லவேளை, திருகுகளை அவள் தொடவில்லை. அவை நீ விட்ட இடத்திலேயே இருந்தன. என் வீட்டில் உட்கார்ந்து, எழுத்து படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாகக் கேபிளைச் செருகினேன். பலகைக்கு மூச்சே இல்லை. இந்தப் பலகையில் சத்தம் வலமிருந்து இடம் போகுமாம். ஆறாம் ஆண்டோடு நின்ற படிப்பு, அதுவும் உதவவில்லை.

"ஏங்க, போன மனுஷன் சாமான். கெடுத்துடாதீங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

கடைசியில் எழுந்து நின்றேன். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உன்னைக் கிண்டல் செய்கிற அந்த ஆட்டத்தை ஆடினேன், நாக்கு உட்பட. குத்து விழுந்த இடத்தில் கரகரப்பை வைத்தேன். தாவிய இடத்தில் அலையாடும் பெட்டி. எட்டின கோடியில் எதிரொலி. ஒட்டிவிட்டுக் கிட்டாரைத் தொட்டேன்.

நீ வந்தாய், மச்சான். அப்படியே நீ.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். உன் சத்தத்துக்கு நான் பயந்தேன் என்றால் நம்புவாயா? திரும்ப உள்ளே போக வீட்டுக்காரியைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

இத்தனை வருஷம் பழித்துக் காட்டியதில் உன் கால் என் காலுக்குள் குடிவந்துவிட்டது. கடையில் சும்மா நிற்கும்போதும் வலது கால் ஒரு குத்து குத்துகிறது. முதலாளி சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இது தைலத்துக்குப் போகிற சாமானா?

டின்னர் கிள்ளானில்தான். முதல் பாட்டே அந்தப் பாட்டு. உன் மகள் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு எதிரே நின்றாள். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது எனக்கு. லீட் வந்தது. வலது காலால் ஒரு குத்து, ஒரு தாவல், ஓர் எட்டு. கண்ணை மூடிக்கொண்டு, குமாரின் டிரம்ஸ் இரைச்சலுக்குள் வாசித்தேன். ஒரு நோட்டுகூடத் தப்பவில்லை.

கண்ணைத் திறந்தபோது உன் மகள் என் காலை மாப்பிள்ளைக்குக் காட்டி, "அப்படியே அப்பா, அப்படியே அப்பா" என்று அழுது சிரித்துக்கொண்டிருந்தாள். குமார் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். குனிந்தேன். நான் முதலில் குத்தியது கரகரப்பை இல்லை, அதை ஒட்டியிருக்கும் டியூனரை. நரம்பு சுதி சேர்ந்திருக்கிறதா என்று காட்டுகிற பெட்டி. அது எரிகிறவரை கிட்டார் சத்தம் வெளியே போகாது; நான் வாசித்ததில் ஒரு நோட்டுகூட யாருக்கும் கேட்டிருக்காது.

பச்சை விளக்கு எரிந்தது. சுதி சரியாகத்தான் இருந்தது.