கை தூக்காதவர்கள்

அண்ணே,

நேற்று திருவள்ளூரில் காது டாக்டரிடம் போயிருந்தேன். கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். ஹெட்போனின் பஞ்சு நைந்துபோய், வியர்வையும் பழைய ரப்பரும் கலந்த ஒரு வாடை. நம் ஸ்டூடியோ வாடை. முதல் சத்தம் வந்தபோது கையைத் தூக்கவே மறந்துவிட்டேன். "கேக்கலையா மேடம்?" என்று அவள் கண்ணாடியைத் தட்டினாள். கேட்டது, நன்றாகவே கேட்டது. நான்தான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால், மகளிர் குழுக் கட்டடத்தின் மாடியில் நம் ரேடியோவுக்கு இரண்டு அறைகள். தொண்டு நிறுவனங்களும் ரேடியோ நடத்தலாம் என்று அரசாங்கம் சொன்ன புதிது. பழவேற்காட்டில் வாப்பாவின் வலைக்கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். நீங்கள் எனக்கு முன்பே அங்கே இருந்தீர்கள். இரும்பை ராட்சத மிஷின் சுத்தியலால் அடித்து வடிக்கிற பட்டறை ஒன்றில் வேலை போய், கட்டடத்துக்கு ஒயரிங் செய்ய வந்தவர், ரேடியோவோடு தங்கிவிட்டீர்கள்.

பாட்டு கொண்டுவருகிற ஒவ்வொரு பென் டிரைவோடும் அப்போது ஒரு வைரஸும் வரும். நடுப்பாட்டில் திரை உறைந்து ரேடியோ ஊமையாகிவிடும். சென்னையிலிருந்து வந்த தன்னார்வலர்கள் சிலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றி, அதன்மேல் ரேடியோ நடத்துகிற ஒரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்தார்கள். இலவசம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்றார்கள். நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். "பேஜாரு உட்டுச்சு தங்கச்சி. இன்னா நேரத்துக்கு இன்னா பாட்டுன்னு சொல்லிட்டா அதுவே ஓட்டிக்குது. நாம டீ குடிச்சிகினு வேடிக்கை பாக்கலாம்" என்றீர்கள்.

ஆனால் நீங்கள் டீ ஆறிப்போகிற வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மீட்டரில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குவதை, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதை, கண் இமைக்காமல். புது மோகம் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி டீக்கடைப் பக்கம் வந்தபோது, கடை ரேடியோவில் நம் பாட்டுக்கு அடியில் "உர்ர்" என்று ஓர் இரைச்சல். "காத்தாலேர்ந்து இப்படித்தான் கீது. இன்னாம்மா, உங்க ரேடியோ மாவு மிசினு ஆயிப்போச்சா?" என்றார் கடைக்காரர். ஓடிவந்தேன். மிக்சரின் ஒயர் ஒன்று கழன்றிருந்தது. நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, இந்தச் சத்தம் கேக்கலையா?"

"இன்னா சத்தம்?"

ஒயரைச் செருகினேன். இரைச்சல் நின்றது. உங்கள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தீர்கள். "சுத்தியல் பக்கத்துலயே நின்னவனுக்கு இன்னா தங்கச்சி கேக்கும்? எதிர நின்னு நிதானமா பேசினா வாயசைவ பாத்துப் புரிஞ்சிக்குவேன், அவ்ளோதான். கிரேன்காரன் கத்தினது காதுல உழல. அதான் மொதலாளி வெளிய அனுப்பிட்டான். குழு செயலாளர் அம்மாகிட்ட சொல்லிடாத. இதுவும் பூட்டா நான் எங்க போவேன்?"

சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட்பது என் வேலை, பார்ப்பது உங்கள் வேலை. பாட்டு எங்கே கரகரக்கிறது என்று நான் சொல்வேன். திரையில் அந்த இடத்தைத் தேடி வெட்டிச் சீராக்குவீர்கள். நம் ரேடியோ அந்த மாதங்களில் ஓடியதுபோல் பிறகு ஓடவே இல்லை.

"வீட்டில் அண்ணிக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்பவும் மொறைச்சிகினு கீற ஆளுன்னு நெனச்சிகினு கீறா. அப்படியே நெனச்சிக்கட்டும். செவுடன்னு தெரிஞ்சா அழுவா." திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் மட்டுமா? எங்க பட்டறையில பாதிப் பேரு இப்படித்தான். வாயத் தொறந்தா வேல பூடும்" என்றீர்கள்.

அந்தப் பேச்சிலிருந்துதான் அந்த ஞாயிறு நிகழ்ச்சி வந்தது. லினக்ஸில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் விதவிதமான உயரத்தில் சத்தங்களை உருவாக்க முடியும் என்று கண்டுபிடித்திருந்தீர்கள். தாழ்ந்தது முதல் கீச்சென்பது வரை செய்தீர்கள். "இது வருதா? இது?" என்று என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் தலையாட்டிய பல சத்தங்கள் உங்களுக்குத் திரையில் வெறும் கோடுகள். ஞாயிறு காலை, எல்லோரும் வீட்டிலிருக்கிற நேரத்தில், அவற்றை நடுவில் இடைவெளி விட்டு வரிசையில் ஏற்றினீர்கள். முன்னுரை சொல்ல வேண்டியவள் நான். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்ததும் மைக்கை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள்.

"நான் இந்த ரேடியோவ ஓட்றவன். எனக்கு இந்த ரேடியோ கேக்காது."

மைக்கைத் திரும்ப இழுக்கக் கை நீட்டினேன். நீங்கள் நிறுத்தவில்லை.

"பட்டறைச் சத்தத்துல போன காது. இப்போ ஒவ்வொரு சத்தமா வரும். கேட்டா கையத் தூக்குங்க. உங்க ஊட்ல யாரு தூக்கலன்னு பாத்துக்கோங்க. அவங்களத் திட்டாதீங்க. அவ்ளோதான்."

சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முடிந்து பாட்டு தொடங்குவதற்குள் போன் அடித்தது. ஒரு பெண். "எங்க ஊட்டுக்காரரு ஒண்ணுக்கும் தூக்கலமா. புள்ளைங்க சிரிச்சிதுங்க. அவரு எழுந்து வெளிய பூட்டாரு" என்று சொல்லி அழுதாள். அடுத்து இன்னொருத்தி. அடுத்து ஒரு கிழவர். நான் ஒவ்வொன்றையும் உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்ல, நீங்கள் திரையைப் பார்க்கவே இல்லை. பாட்டுகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணி. அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். புடவையில் மாவு ஒட்டியிருந்தது. உங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஊருக்கே சொல்றியே, எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா? கூப்ட்டா திரும்பாத ஆளுன்னு எங்க அம்மாகிட்ட, அக்கம்பக்கத்துல, எல்லார்கிட்டயும் உன்ன பேசிகினு கெடந்தேனே."

அவர் வேகமாகப் பேசியதில் உங்களுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. "இன்னா சொல்றா?" என்று என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்வதற்குள் அண்ணி உங்கள் இரண்டு காதுகளையும் கையால் பொத்திக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எல்லாம் நல்லதாக முடிந்தது என்று எழுத ஆசை. செயலாளர் அம்மா உங்களைக் கூப்பிட்டு, "இத்தனை நாள் நல்லாத்தானே ஓட்டினீங்க? இனியும் ஓட்டுங்க" என்றார். காது பரிசோதனை முகாம் நடந்தது. சில பட்டறைகளில் காதடைப்பான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு கம்பெனி நமக்குக் கொடுத்த தீபாவளி விளம்பரத்தை நிறுத்தியது. முகாமுக்கு வந்த ஒருவருக்கு வேலை போனது. நீங்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பி வந்து, "நான் பேசாம இருந்திருக்கணுமா தங்கச்சி?" என்றீர்கள். பிறகு அவரை நம் ரேடியோவுக்கே அழைத்துவந்து, பக்கத்தில் உட்காரவைத்து அந்த மென்பொருளைக் கற்றுக்கொடுத்தீர்கள். காது கேட்காத இரண்டு பேர் ஒரு ரேடியோவை நடத்துகிறார்கள் என்று ஊர் சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன செய்தி, நான் கல்யாணமாகித் திருவள்ளூர் வந்த பிறகு எட்டியது. அடக்கத்துக்கு வர முடியவில்லை. பிறகு அண்ணியைப் பார்க்கப் போனபோது, "கடைசி வரைக்கும் சண்டை போட்டோம். ஆனா எதிர எதிர நின்னு போட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார், அழுதார்.

டாக்டர் என் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து அவள் அறைக்குப் போனேன். என் முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக நின்று, சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொன்னேன். எப்போதும் இப்படித்தான். "இன்னா உம்மா, நியூஸ் வாசிக்கிறியா?" என்று அவள் கேலி செய்வாள். செய்யட்டும். பஸ்ஸில், கடையில், கூப்பிட்டும் திரும்பாத மனிதர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை, அண்ணே. சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிற்கிறேன்.