அடுப்படிக் குழாயின் திருகு

சான் பல்தோமெரோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்பாரோவுக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தாய், அபுதாபி வெயில் அதை இன்னும் மாற்றியிருக்காது என்று நம்புகிறேன். முழங்காலைத் தவிர நானும் நலமே. மனத்தைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கில்லை. இந்த முறை எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எனக்குப் பயமாக இருக்கிறது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நம் ஊர் இணைப்பகத்தில் உட்கார்ந்திருப்பவள் இப்போதைய ஆளுநரின் மைத்துனி, நாம் பேசுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. ஆகவே வியாழனன்று விமானம் ஏறும் பக்கத்து வீட்டு நெனிதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடு, உறை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

உன் தம்பி அந்த ஆளுநரை எதிர்த்து மாகாண ஆளுநர் தேர்தலில் நிற்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் ஒரு வருடம்கூட நிலைக்காமல் மணிலாவுக்கு ஓடி, சினிமாவில் பிறருக்காகக் கூரையிலிருந்து குதிக்கும் வேலை பார்த்து, கதாநாயகன் குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வராத ஒரு நாளில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, எலூத்தேரியோ என்று நான் வைத்த பெயரை லாண்டோ சிபாட் என்று மாற்றிக்கொண்டவன் அவன். அந்த முதல் படத்துக்குத் தோட்டாவைத் தடுக்கும் தாயத்து ஒன்று தேவைப்பட்டது. ஊருக்கு வந்தவன் நம் அடுப்படிக் குழாயின் பித்தளைத் திருகைக் கழற்றிக்கொண்டு போனான், நீதான் திட்டிக்கொண்டே பேருந்து நிலையம்வரை துரத்தினாய். அன்றுமுதல் அந்தக் குழாயைக் குறடால்தான் திறக்கிறேன். நாற்பது படங்களில் மார்பைத் திறந்து தோட்டாவுக்கு முன் நின்று, மேயராகி, ஆற்றுக்குப் பாலமும் கட்டியவன் (பாலம் நன்றாகவே நிற்கிறது, அதை மறுக்க மாட்டேன்) வீட்டுக்கு ஒரு திருகு வாங்கித் தரவில்லை.

அவன் கழுத்தில் தொங்கும் அந்தத் திருகைத்தான் இப்போது மாகாணமே தாயத்தென்று கும்பிடுகிறது. தேர்தல் வேலை பார்க்கும் வக்கீல் புவெனாஃப்ளோர் அதைப்போலவே வார்த்துக் கூட்டந்தோறும் விநியோகிக்கிறான். நடுவிலுள்ள சதுர ஓட்டை வானத்தின் வாசல் என்று ஒரு துண்டுப் பிரசுரம்கூட அச்சடித்திருக்கிறான். குழாயின் தண்டு நுழையும் இடம் அது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். பெரிய வெள்ளியன்று தாயத்துகளைச் சோதித்துப் பார்க்கும் பைத்தியம் இங்கே இன்னும் ஒழியவில்லை அல்லவா? முச்சக்கர வண்டி ஓட்டும் சாந்தோ, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், நம் கட்சி கொடுத்த தாயத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நண்பனைச் சுடச் சொல்லியிருக்கிறான். நண்பன் சுட்டான். துக்க வீட்டில் சாந்தோவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தப்பும்மா, கறி ஆகாத விரத நாள்ங்கறத மறந்து பயத்தங்குழம்புல வறுத்த பன்னித்தோலைத் தூவிட்டேன், அதான் தாயத்து வேலை செய்யல" என்று அழுதாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் உன் தம்பியைப் பார்த்து, "மேயரே, இதெல்லாம் நகலு. உங்க கழுத்துல கெடக்குறதுதானே அசலு?" என்றார். மறுத்துப் பேச இதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் எல்லோரையும் ஒரு முறை பார்த்தான், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் திருகை எடுத்துக் காட்டினான்.

போன வாரம் வீட்டுக்கு ஒரு மலர் வளையம் வந்தது, சவ ஊர்வலத்துக்கு வைப்பது, நாடாவில் உன் தம்பியின் முழுப்பெயர், அனுப்பியவர் பெயர் இல்லை. பூக்கள் புதியவை, ஆகவே நாடாவை உருவி அடுப்பில் போட்டுவிட்டுப் பூவைத் தேவாலயத்துக்கு அனுப்பினேன். காவல் அதிகாரி என்னிடம் படித்த மாணவன், வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "டீச்சர், சனிக்கிழமை கடைசிக் கூட்டத்துக்கு வெளியூர் ஆளுங்க வந்திருக்காங்க. மேயரை அந்தச் சட்டையைப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றான். குண்டு துளைக்காத சட்டை காரின் பின்னிருக்கையில்தான் கிடக்கிறது. அன்றிரவு சாப்பிட உட்கார்ந்த உன் தம்பியிடம், போட்டுக்கொள்ளடா என்றேன். "அதைப் போட்டா தாயத்து பொய்னு ஆயிடும், ஓட்டு போச்சு. நாப்பது படத்துல என்னைச் சுட்டாங்களே, ஒரு தடவையாவது நீ அடக்கம் பண்ணினியா?" என்று சிரித்தான். இந்த அளவுக்கு நானும் எதிர்பார்த்ததுதான். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே குரலைத் தாழ்த்தி, "அம்மா, நெசமாவே அதுல ஏதாவது இருந்துட்டா? கூரையிலேர்ந்து அத்தனை தடவை குதிச்சேன், ஒரு எலும்பு உடையலியே" என்றான். மலர் வளையத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. பொய் என்று தெரிந்து பொய் சொல்கிறவனை எப்படியாவது காப்பாற்றிவிடலாம், இவன் நம்பத் தொடங்கிவிட்டான்.

ஆகவே நான் செய்யப்போவதைக் கேள். சனிக்கிழமை மாலை வேட்பாளர்களின் குடும்பத்தாரை மேடையேற்றுவார்கள். ஆசி வாங்க அவன் குனிந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரே பார்க்கையில் எந்த வேட்பாளனும் பெற்ற தாயிடம் இதைத் தவிர்க்க முடியாது. குனியும்போது திருகு சட்டைக்கு வெளியே தொங்கும். குழாய் வேலை செய்பவரைக் கூப்பிட்டு அடுப்படிக் குழாயை நாளையே கழற்றச் சொல்லியிருக்கிறேன், அது என் கைப்பையில் இருக்கும். எல்லோர் கண்ணெதிரிலும் திருகைப் பிடுங்கிக் குழாயில் மாட்டித் திருகிக் காட்டுவேன். சதுரம் சதுரத்தில் பொருந்துவதைப் பார்த்த பிறகு வானத்து வாசலைப் பற்றி வக்கீல் என்ன சொல்கிறான் பார்ப்போம். கூட்டம் சிரிக்கும். சிரித்துவிட்டால் அவன் காருக்குப் போய் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வான். மறைக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. தேர்தலில் தோற்பான் என்பதும் எனக்குத் தெரியும். தோற்ற மகனுக்குச் சோறு போட என்னால் முடியும். அவன் குனிவதற்கு முன்பே அந்த வெளியூர்க்காரர்கள் அவசரப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைதான் என்னைத் தூங்கவிடவில்லை. முழங்கால் வலியைச் சொல்லி, முதலில் என்னை மேடையேற்றும்படி கேட்டிருக்கிறேன்.

என்னைத் தடுக்கக் கூப்பிடாதே, தம்பியையும் எச்சரிக்காதே, அவன் குனியாமல் இருந்துவிடுவான். வேளைக்குச் சாப்பிடு. மூக்கு ஒழுகினால் அதையும் எனக்கு எழுது, நீ மறைப்பது உன் கையெழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. கடவுள் உன்னைத் தன் பார்வையிலேயே வைத்திருக்கட்டும், அவருக்கு நேரமில்லாவிட்டால் கன்னி மரியாளாவது.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கூப்பிடு, ஆளுநரின் மைத்துனி கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதால் குழாயைப் பற்றி மட்டும் விசாரி. கையாலேயே திறக்கிறேன் என்று நான் சொன்னால், உன் தம்பி அடுப்படியில் என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துகொள். இன்னும் குறடுதான் என்றால், கறுப்பு உடையை எடுத்துக்கொண்டு புறப்படு.

உன் அம்மா,
பெர்பெத்துவா